ஸொட்டேரோ: தமிழில தீசிஸ் எழுதுற ஆக்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்? பாவிச்ச அனுபவத்தில ஒரு விமர்சனம்

முதலே முடிவைச் சொல்லிப்போடுறன். கம்பஸில டிசேட்டேசன் எழுதுற தம்பி தங்கச்சிமார், வேலையும் பாத்துக்கொண்டு மாஸ்டேர்ஸ் செய்யுற ரீச்சர்மார், ஜேர்னலுக்கு பேப்பர் அனுப்புற ஆக்கள் எல்லாரும் ஸொட்டேரோ எண்ட மேற்கோள் போடுற மென்பொருளை இறக்கி லெப்டொப்பில போட்டுக்கொள்ளுங்கோ. ஒரு சதமும் தேவையில்லை. ஆனா தமிழில எழுதுறவைக்கு அது பாதி வேலைதான் செய்து தரும், மிச்சப் பாதியை நாங்கள் கையால செய்யோணும், அந்த மிச்சப் பாதியைப் பற்றித்தான் நான் கூடுதலா எழுதப்போறன், ஏனெண்டா யூரியூப்பில நான் பாத்த வீடியோ எல்லாத்திலயும் இங்கிலீஸ் பேப்பரை வைச்சுத்தான் காட்டுகினம், தமிழ்ப் புத்தகத்தை உள்ளுக்குப் போட்டா என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் காட்டேல்ல.

இது என்ன சாமான் எண்டு தெரியாத ஆக்களுக்கு: நீங்கள் வாசிக்கிற புத்தகம், கட்டுரை எல்லாத்தின்ர விபரத்தையும் ஒரு இடத்தில சேத்து வைச்சு, வேர்டில எழுதேக்க மேற்கோளையும் கடைசியில வாற உசாத்துணைப் பட்டியலையும் தானே போட்டுத் தாற மென்பொருள். 2006 இல அமெரிக்காவில ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில இருக்கிற வரலாறு, புதிய ஊடக ஆய்வு மையம்தான் இதை வெளியிட்டது. வரலாறு படிச்ச ஆக்கள் தங்கட தேவைக்குச் செய்தது எண்டபடியா பழைய கடிதம், கையெழுத்துப் பிரதி, பேப்பர் நறுக்கு எண்டு எல்லாத்துக்கும் தனித்தனி இனம் வைச்சிருக்கினம். இதே வேலைக்கு மெண்டலே இருக்கு, அதை 2013 இல எல்ஸெவியர் கம்பனி வாங்கிட்டுது. எண்ட்நோட் இருக்கு, அது காசு குடுத்து வாங்கவேண்டியது, எங்கட ரூபாயில கணக்குப் பாத்தா ஒரு மாணவனால ஏலாது. ஸொட்டேரோ லாபநோக்கில்லாத அமைப்பின்ர கையில இருக்கு, அதின்ர கோடும் திறந்து கிடக்கு, நாளைக்கு ஒரு கம்பனி வந்து காசு கட்டு இல்லாட்டி உன்ர பட்டியலைத் தரமாட்டன் எண்டு சொல்லுற பயம் இல்லை. நாலு வருசம் சேத்த சாமானை வைக்கிற இடத்தில எனக்கு இது பெரிய விசயம்.

இங்கிலீஸ் கட்டுரைக்கு இது வேலை செய்யுற விதம் உண்மையிலயே வடிவு. குரோமிலயோ ஃபயர்பொக்ஸிலயோ கனெக்டர் எண்டு ஒரு சின்ன பட்டன் போட்டுவிட்டா, கட்டுரை இருக்கிற பக்கத்தில நிண்டு அதை அமத்த, ஆசிரியர் பேர், வருசம், ஜேர்னல், தொகுதி, இதழ், பக்கம் எல்லாம் வந்து விழும், இலவசமா கிடைக்கிற பிடிஎஃப் எண்டா அதுவும் சேந்து வரும். ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில இருக்கிற எங்கட நாட்டுக் கட்டுரையளையும் இப்பிடி எடுக்கலாம். கையில கட்டுரையின்ர டீஓஐ எண்ட அடையாள இலக்கமோ புத்தகத்தின்ர ஐஎஸ்பிஎன் இலக்கமோ இருந்தா மேல இருக்கிற மந்திரக்கோல் படத்தை அமத்தி அதை அடிச்சாக் காணும். பேந்து வேர்டுக்குள்ள ஸொட்டேரோ எண்டு ஒரு டாப் வந்திருக்கும், அதில சைட்டேசன் போடு எண்டு குடுத்து ஆசிரியற்ற பேரில நாலு எழுத்தடிக்க ஆளைக் காட்டும், பக்க இலக்கத்தையும் அதிலயே குடுக்கலாம். எழுதி முடிய பிப்லியோகிராபி பட்டனை அமத்தினா மேற்கோள் காட்டின எல்லாம் அகரவரிசையில, ரெண்டாவது வரி உள்ளுக்குத் தள்ளி, சாய்வெழுத்து வரவேண்டிய இடத்தில சாய்வெழுத்தோட வந்து நிக்கும்.

மேற்கோள் எழுதுற முறைக்கு ஏபிஏ, சிக்காகோ எண்டு கன ஸ்டைல் இருக்கு. சுப்பவைசர் கடைசி நேரத்தில ஏபிஏ வேண்டாம் சிக்காகோவில தா எண்டு சொன்னாலும் பயமில்லை, டொக்கியூமென்ற் பிரிஃபரன்ஸ் எண்ட இடத்தில ஸ்டைலை மாத்த முழுப் புத்தகமும் மாறும். பத்தாயிரத்துக்கு மேல ஸ்டைல் வைச்சிருக்கினம், கிளிநொச்சியில எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளையள் பாவிக்கிற ஐட்ரிபிள்ஈ, மருத்துவபீடத்து ஆக்களின்ர வன்கூவர் எல்லாம் இருக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, யாழ்ப்பாணத்தில கம்பஸ் இருக்கிற திருநெல்வேலிப் பக்கம் கொமினிக்கேசன் கடையளில டிசேட்டேசன் காலத்தில போய் நிண்டு பாருங்கோ, விளங்கும். பிள்ளையள் கொப்பியில எழுதின உசாத்துணைப் பட்டியலைக் குடுத்து இதை ஏபிஏயில அடிச்சுத் தாங்கோ அண்ணா எண்டு கேக்கினம். கடைக்காரர் பாவம், அவர் ரைப் பண்ணுற ஆள், குடுத்ததை வடிவா அடிச்சுக் குடுப்பார், 12 எண்டு இருக்கிறது தொகுதியோ இதழோ எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும். அந்தக் கட்டுரையை வாசிச்ச ஆளுக்கு மட்டும்தான் தெரியும். கட்டுரைக்குள்ள சொன்ன பேர் பட்டியலில இல்லை, பட்டியலில இருக்கிற பேர் கட்டுரைக்குள்ள இல்லை எண்டு திருப்பி அனுப்புப்படுற தீசிஸ் எல்லாம் இப்பிடி வந்ததுதான். மேற்கோள் எல்லாத்தையும் ஸொட்டேரோவாலயே போட்டா அந்தப் பிழை வரவே வழியில்லை, நீங்கள் உள்ளுக்குப் போட்டதுதான் பட்டியலில வரும்.

வேர்டிலயே ரெஃபரன்ஸ் டாப் இருக்குத்தானே எண்டு கேக்கிற ஆக்களுக்கு: இருக்கு, ஆனா நான் பாத்த வேர்டுகளில ஏபிஏ ஆறாம் பதிப்புத்தான் கிடக்கு. ஏழாம் பதிப்பு 2019 இல வந்திட்டுது. ஏழாம் பதிப்பில மூண்டு பேர் அல்லது அதுக்கு மேல எழுதின கட்டுரை எண்டா முதல் தடவையே முதல் ஆளின்ர பேரைப் போட்டு எட் அல் (மற்றும் பலர் எண்டது) போடோணும், பட்டியலில 20 பேர் வரைக்கும் எல்லார் பேரும் வரோணும், புத்தகத்துக்கு வெளியிட்ட ஊர் போடத் தேவையில்லை. சுப்பவைசர் ஏழாம் பதிப்புக் கேக்க நீங்கள் ஆறாம் பதிப்பைக் குடுத்தா எல்லாத்தையும் திருப்பிச் செய்யோணும். ஸொட்டேரோவில ஏழாம் பதிப்பு எண்டு பேரைப் பாத்து எடுங்கோ.

இப்ப தமிழுக்கு வருவம்.

முதல் பிரச்சினை எழுத்துரு. எங்கட பக்கம் இண்டைக்கும் கன ஆக்கள் பாமினியில அடிக்கினம். பாமினியில அடிச்ச எழுத்து கண்ணுக்குத்தான் தமிழ், கொம்பியூட்டருக்கு உள்ளுக்க அது வெறும் இங்கிலீஸ் எழுத்து. அதை எடுத்து ஸொட்டேரோவில ஒட்டினா விளங்காத இங்கிலீஸ் எழுத்துக் குவியல்தான் வரும், தேடேலாது, அகரவரிசைப் படுத்தேலாது. இதில இன்னொரு கேடும் இருக்கு, பாமினியில இருக்கிற தீசிஸை நாளைக்கு ஒருத்தர் கூகிளில தேடினா அகப்படாது, ஒப்பிட்டுப் பாக்கிற மென்பொருளுக்கும் அது தமிழெண்டே தெரியாது. அதால முதல் நாளே, கொம்பியூட்டருக்கும் தமிழெண்டு விளங்கிற யுனிகோட்டில அடியுங்கோ. பழைய பைல் பாமினியில இருந்தா மாத்தித் தாற கருவியள் இன்ரநெற்றில இலவசமா கிடக்கு, மாத்தினாப் பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.

ரெண்டாவது பேர். இதிலதான் நிறையச் சறுக்கும். ஸொட்டேரோ ஒவ்வொரு ஆளுக்கும் குடும்பப்பேர் ஒரு பெட்டி, சொந்தப்பேர் ஒரு பெட்டி எண்டு கேக்கும். எங்களுக்குக் குடும்பப்பேர் எண்டு ஒண்டு இல்லை, தகப்பன்ர பேர்தான் இருக்கு. க. கைலாசபதி எண்டா கைலாசபதியை முதல் பெட்டியிலயும் க. வை ரெண்டாவதிலயும் போட்டா கைலாசபதி, க. எண்டு சரியா வரும். ஆனா இங்கிலீஸ் ஜேர்னலில தன்ர பேரை முன்னுக்கும் தகப்பன் பேரைப் பின்னுக்கும் போட்டு எழுதின ஆக்களை கனெக்டர் எடுக்கேக்க தகப்பன் பேரைக் குடும்பப்பேரா எடுத்துக்கொள்ளும், ஆராய்ச்சி செய்தது மகள், மேற்கோளில நிக்கிறது அப்பான்ர பேர். இங்கிலீஸில எழுதினவை தாங்களே அப்பிடித்தான் அறியப்பட விரும்பியிருந்தா ஜேர்னலில இருக்கிறபடி விடுங்கோ, ஆனா தமிழ்க் கட்டுரையில அவையைச் சொல்லேக்க அவையின்ர சொந்தப்பேர்தான் வரோணும் எண்டு நான் உறுதியா நினைக்கிறன், அதுக்கு ரெண்டு பெட்டியையும் ஒருக்கா பாத்து மாத்தினாக் காணும்.

முதலெழுத்தை நீங்களே போடுங்கோ. கார்த்திகேசு எண்டு முழுசாக் குடுத்து அதைச் சுருக்கச் சொல்லி விட்டுடாதேங்கோ. கா எண்ட எழுத்து கொம்பியூட்டருக்கு ரெண்டு குறியீடு, க தனி, கால் தனி, முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்தா கா க ஆகிப்போடும், ஆளே மாறிப்போவார். கா. எண்டு அடிச்சு வைச்சா இந்தத் தொல்லையே இல்லை.

புனைபெயருக்கும் நிறுவனத்துக்கும் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சின்னக் குறி இருக்கு, அதை அமத்தினா ரெண்டு பெட்டியும் ஒண்டாகும். மஹாகவி எண்டு போடேக்க அப்பிடித்தான் போடோணும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தை ரெண்டு பெட்டியில போட்டுப் பாருங்கோ, திணைக்களம், தொ. பு. எண்டு ஒரு மனிசன் மாதிரி வந்து நிக்கும், இதை நான் அச்சடிச்ச தீசிஸ்களிலயே கண்டிருக்கிறன்.

மூண்டாவது, பழைய புத்தகம், சஞ்சிகை. 2005 இல தொடங்கின நூலகம் இணையத்தளம் இல்லாட்டி எங்களில பாதிப் பேருக்கு ஆய்வே செய்யேலாது, அவ்வளவு சாமான் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். அதில இருந்து எடுக்கிற புத்தகம் ஸொட்டேரோவில வெப் பேஜ் எண்டு வந்து விழுந்தா அப்பிடியே விட்டுடாதேங்கோ, இனத்தைப் புத்தகம் எண்டு மாத்தி ஆசிரியர், வருசம், பதிப்பகத்தைக் கையால அடியுங்கோ. நூலக எண் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம் குடுத்திருக்கினம், அதை எக்ஸ்ட்ரா எண்ட இடத்தில போட்டு வையுங்கோ. பக்க இலக்கம் போடேக்க பிடிஎஃப் காட்டுற இலக்கத்தைப் போடாதேங்கோ, புத்தகத்தில அச்சடிச்சிருக்கிற இலக்கத்தைப் போடுங்கோ, அட்டை, அணிந்துரை எல்லாம் சேந்து பிடிஎஃப் கணக்கு தள்ளித்தான் நிக்கும்.

வருசத்தில கவனம். பழைய யாழ்ப்பாணத்துப் பதிப்புகளில விகாரி வருசம் மாசி மாதம் எண்டு போட்டிருப்பினம். அந்த வட்டம் 60 வருசத்துக்கு ஒருக்கா திரும்பி வாறது, விகாரி எண்டா 1899 ஆவும் இருக்கலாம் 1959 ஆவும் இருக்கலாம், அதோட தமிழ் வருசம் சித்திரையில பிறக்கிறபடியா மாசி எண்டா அடுத்த இங்கிலீஸ் வருசம் ஆகிடும். கணக்குப் பாத்து இங்கிலீஸ் வருசத்தை டேட் பெட்டியில போட்டு, தமிழ் வருசத்தை அப்பிடியே எக்ஸ்ட்ராவில எழுதி வையுங்கோ.

பதிப்பிச்ச ஊரையும் கட்டாயம் போட்டு வையுங்கோ. ஏழாம் பதிப்பு ஊரை அச்சில காட்டாது, அது பிரச்சினையில்லை, உங்கட பதிவில இருக்கட்டும். நியூயோர்க் கம்பனி வெளியிட்ட புத்தகத்துக்கு ஊர் தெரியாட்டியும் தேடிப் பிடிக்கலாம். சுன்னாகத்திலயோ பருத்தித்துறையிலயோ ஒரு சின்ன அச்சகத்தில அடிச்ச புத்தகத்தை ஊர் தெரியாம எங்க போய்த் தேடுறது. 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது 97,000 அளவில புத்தகங்களும் சுவடிகளும் போனது எண்டு சொல்லுகினம். அதில இருந்த எத்தினையோ புத்தகங்கள் இருந்தது எண்டதே இண்டைக்கு இன்னொரு புத்தகத்தின்ர அடிக்குறிப்பில இருந்துதான் தெரியவருது, அந்த அடிக்குறிப்பை எழுதின ஆள் ஊர், அச்சகம், வருசம் எல்லாம் வடிவா எழுதி வைச்சபடியால்தான் பிறகு ஒருத்தர் ஒரு வீட்டு அலுமாரியில இருந்து இன்னொரு பிரதியைத் தேடி எடுக்கேலும். நான் இதை மாக்ஸ் எடுக்கிற விசயமா மட்டும் பாக்கேல்ல. எங்கட மண்ணில எழுதின ஆக்களின்ர பேர் அழியாம இருக்க நாங்கள் ஒவ்வொருத்தரும் செய்யக்கூடிய வேலை இது.

அதாலதான் களவைப் பற்றியும் கதைக்கோணும். ஸொட்டேரோ உங்களை பிளேஜரிசத்தில, அதாவது மற்ற ஆளின்ர எழுத்தைத் தன்ர எண்டு காட்டுற களவில இருந்து காப்பாத்தும் எண்டு சில பேர் விளம்பரம் மாதிரிச் சொல்லுகினம், அது பாதிதான் உண்மை. எங்கயிருந்து எடுத்தது எண்ட குறிப்பு தொலைஞ்சு போறதை அது தடுக்கும். பிடிஎஃப்பை அதுக்குள்ளயே திறந்து கோடடிக்கலாம், கோடடிச்ச வரியை நோட்டில சேக்கேக்க பக்க இலக்கமும் சேந்து வரும், அதால மூண்டு மாசம் கழிச்சு இந்த வரி என்ர யோசனையோ ஆற்றையோ எண்டு குழம்பத் தேவையில்லை. ஆனா மேற்கோள் போடோணும் எண்ட முடிவை நீங்கள்தான் எடுக்கோணும்.

எங்கட பக்கம் நடக்கிற பெரிய களவு மொழிபெயர்ப்புக் களவுதான். இங்கிலீஸ் கட்டுரையில மூண்டு பந்தியைத் தமிழாக்கி, வசனம் என்ர வசனம்தானே எண்டு பேர் போடாம விடுறது. கூகிளில போட்டு மாத்தி அதைக் கொஞ்சம் திருத்தி விடுறதும் இதுதான். வசனம் உங்கட வசனமா இருக்கலாம், யோசனை அந்த ஆளின்ரதானே, வாதத்தை அடுக்கின ஒழுங்கும் அந்த ஆளின்ரதானே. மற்றப் பக்கமும் நடக்குது, பழைய தமிழ்ச் சஞ்சிகையில எங்கட ஒரு வாத்தியார் எழுதின கட்டுரையை இங்கிலீஸில போட்டு வெளிநாட்டுக் கருத்தரங்கில தன்ர எண்டு வாசிக்கிறது, கேக்கிற ஆக்களுக்குத் தமிழ் தெரியாது, எழுதின மனிசன் உயிரோட இல்லை, ஆர் கேக்கப்போகினம். இதை நான் மன்னிக்கமாட்டன். மொழிபெயர்த்தா மொழிபெயர்ப்பு என்னுடையது எண்டு ஒரு வரி போட்டு மூல ஆசிரியரையும் பக்கத்தையும் சொல்லுங்கோ, அதால உங்கட மதிப்புக் குறையாது, ரெண்டு மொழியிலயும் வாசிக்கிற ஆள் எண்டு கூடத்தான் செய்யும்.

எழுத்தை மற்ற இடங்களோட ஒப்பிட்டுப் பாக்கிற டேர்னிற்றின் எண்ட மென்பொருள் குடுக்கிற வீதத்தை நம்பி இருக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல். அது காட்டுறது எவ்வளவு எழுத்து மற்ற இடத்தோட ஒத்துப்போகுது எண்டதை மட்டும்தான். மேற்கோள் குறியும் பேரும் போட்டு எடுத்த வரியும் அதில கணக்கில வரலாம், பேர் போடாம முழுசா வேற வசனத்தில எழுதின களவு அதில வராமலே போகலாம். 8 வீதம் வந்தது நான் சுத்தம் எண்டு சொல்லுறதும் பிழை, 25 வந்தது செத்தன் எண்டு அழுறதும் பிழை, ரிப்போட்டைத் திறந்து எந்த வரி எண்டு பாருங்கோ. உசாத்துணைப் பட்டியலைக் கணக்கில இருந்து விலத்த அதில வசதி இருக்கு, அதைச் செய்தாச்சோ எண்டும் கேளுங்கோ.

ஏஐயிட்ட உசாத்துணை கேக்கிற பழக்கம் இப்ப கூடிட்டுது. அது இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆளின்ர பேரைப் போட்டு டீஓஐயும் சேத்துத் தரும், பாக்க அச்சொட்டா உண்மை மாதிரி இருக்கும். அந்த இலக்கத்தை ஸொட்டேரோ மந்திரக்கோலில போடுங்கோ, கனதரம் ஒண்டுமே வராது, இல்லாட்டி சம்பந்தமே இல்லாத வேற கட்டுரை வரும். வந்தாலும் திறந்து வாசிக்காம போடாதேங்கோ. வாபஸ் வாங்கின கட்டுரையளையும் ஸொட்டேரோ சிவப்பில காட்டும், மருத்துவம், விஞ்ஞானம் படிக்கிற ஆக்களுக்கு இது பெரிய உதவி.

குறையளைச் சொல்லோணும். ஃப்ரீயா தாற ஒன்லைன் இடம் 300 எம்பிதான், ஸ்கான் பண்ணின தமிழ்ப் புத்தகம் கொஞ்சம் போட நிரம்பிடும். பைல் சிங்க்கை நிப்பாட்டி விபரத்தை மட்டும் சிங்க் பண்ணுங்கோ, அதுக்கு அளவில்லை, பிடிஎஃப்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில கொப்பி எடுத்து வையுங்கோ. ஸொட்டேரோ ஃபோல்டரை கொண்டுபோய் வன்ட்ரைவுக்குள்ளயோ ட்ரொப்பொக்ஸுக்குள்ளயோ வைக்காதேங்கோ, டேட்டாபேஸ் பழுதாகும் எண்டு அவையே எச்சரிச்சிருக்கினம். தமிழ் நூல் தனி, இங்கிலீஸ் நூல் தனி எண்டு பட்டியலைப் பிரிச்சுக் கேக்கிற துறையள் இங்க இருக்கு, ஸொட்டேரோவுக்கு அப்பிடிப் பிரிக்கத் தெரியாது. இங்கிலீஸ் மொழியில வைச்சிருந்தா தமிழ் நூலுக்கும் எட் அல், பக்கத்துக்கு இங்கிலீஸ் பி எண்டுதான் வரும். நல்ல விசயம், இன்ரநெற் இல்லாமலும் வேலை செய்யும், டேட்டா முடிஞ்சாலும் கறன்ட் போனாலும் லெப்டொப் பட்டரி இருக்கிற வரைக்கும் எழுதலாம். சொந்த லெப்டொப் இல்லாத பிள்ளையள் ஸொட்டேரோபிப் எண்ட தளத்தைப் பாவியுங்கோ, ஒண்டும் இறக்கத் தேவையில்லை, போனிலயே பட்டியல் செய்து கொப்பி பண்ணலாம்.

கடைசி வேலை இப்பிடிச் செய்யுங்கோ. எழுதி முடிச்சு சுப்பவைசர் எல்லாம் சரி எண்டு சொன்னாப் பிறகு வேர்ட் பைலை இன்னொரு பேரில சேவ் பண்ணி, அந்தக் கொப்பியில மட்டும் அன்லிங்க் சைட்டேசன் குடுங்கோ. அதோட மேற்கோள் எல்லாம் சாதாரண எழுத்தாகிடும், பேந்து ஸொட்டேரோவால மாத்தேலாது, அதால மூலப் பைலில தொடாதேங்கோ. இனி அந்தக் கொப்பியில எட் அல் இருக்கிற இடத்தில மற்றும் பலர், பி இருக்கிற இடத்தில ப. எண்டு தேடித் தேடி மாத்துங்கோ, தமிழ்ப் பட்டியலையும் இங்கிலீஸ் பட்டியலையும் வெட்டிப் பிரிச்சு வையுங்கோ. இதை முதலே செய்தா அடுத்த ரிஃப்ரெஷில எல்லாம் அழிஞ்சு பழையபடி வந்திடும். பிடிஎஃப் ஆக்கி பென்ட்ரைவில போட்டு பைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கோ, வேர்ட் பைலாக் குடுத்தா அங்க இருக்கிற கொம்பியூட்டரில உங்கட தமிழ் எழுத்துரு இல்லாம பக்கம் எல்லாம் தள்ளுப்பட்டு, பொருளடக்கத்தில இருக்கிற இலக்கம் ஒண்டும் உள்ளுக்க இருக்கிற பக்கத்தோட பொருந்தாமப் போயிடும்.